டோங்சி நாளுக்கு 40 பேருக்குத் தாங் யுவான்: உருண்டை வெடிக்கிறது, கணக்கும் பிடிபடவில்லை

ஈசூன்_கீழ்த்தளம்:
சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் டிசம்பர் 22 மாலை டோங்சியை (சீனரின் குளிர்காலத் திருப்ப நாள் விழா) எல்லாரும் சேர்ந்து கொண்டாடலாம் என்று சீன அண்டைவீட்டார் சொல்கிறார்கள். 40 பேர் வருவார்கள். அன்று இனிப்புப் பாகில் போட்டுத் தின்னும் ஒட்டரிசி மாவு உருண்டையான தாங் யுவான் பிடிக்கும் வேலை எங்கள் வீடுகளுக்கு வந்திருக்கிறது. கொழுக்கட்டைக்குப் போல 200 கிராம் மாவில் 140 மில்லி கொதிநீர் ஊற்றிப் பிசைந்தோம். உருட்டும்போதே விளிம்பு வெடிக்கிறது, சில கொதியில் பிளந்து எள் பூரணம் வெளியே வருகிறது, பீட்ரூட் சாறு விட்டது வெந்ததும் வெளுத்துப் பழுப்பாகிறது. எங்கே தப்பு?

இன்னொன்று, இது நம் உத்தராயணம்தானே? அப்புறம் ஏன் தை 1 ஜனவரியில்? பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஏதாவது உண்டா?

மாவுக்கை:
முதலில் பையைப் பாருங்க. பச்சரிசி மாவு இதற்கு ஆகவே ஆகாது, ஒட்டரிசி (புலுட்) மாவுதான் வேண்டும். யானைத் தலை போட்ட தாய்லாந்துப் பையில் சிவப்பு அச்சு சாதா அரிசி, பச்சை அச்சு ஒட்டரிசி. அவசரத்தில் கை சிவப்புக்குத்தான் போகும்.

தண்ணீரும் போதாது. 200 கிராமுக்கு 160 மில்லியில் தொடங்குங்க, 175 வரை இழுக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். முழுக்கக் கொதிநீர் விட்டால் மாவு கையை விடாது, வெந்த உருண்டையும் தட்டையாகப் படுத்துவிடும்.

வெடிப்புக்கு மருந்து வெந்த மாவு. பிசைந்ததில் எலுமிச்சை அளவு, 35 கிராம் போலக் கிள்ளித் தட்டி, கொதிநீரில் மிதக்கும்வரை வேகவிட்டு, சூட்டோடு மீதி மாவில் வைத்து அழுத்திப் பிசையுங்க. ஒட்டரிசியில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. வெந்த துண்டின் பசைதான் பச்சை மாவைக் கட்டிப்பிடிக்கும். காதுமடல் மென்மை வந்தால் பதம் சரி. ஓர் உருண்டையை விரலால் அமுக்குங்க. விளிம்பு கீறினால் ஒரு தேக்கரண்டி நீர் தெளித்துத் திரும்பப் பிசையுங்க. உருட்டுகிற நேரம் முழுக்க ஈரத்துணி மூடியிருக்கட்டும்.

பூரணத்துக்கு வறுத்த கறுப்பெள் பொடி 60 கிராம், சர்க்கரை 40, வெண்ணெய் 45. குளிரூட்டியில் இறுகவிட்டு 7 கிராம் உருண்டை, மேல்மாவு 14 கிராம். மடிக்கும்போது காற்றை வெளியே தள்ளிவிடுங்க. அடைபட்ட காற்று கொதியில் விரிந்துதான் பிளக்கிறது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்றால் உங்கள் ஊர்ச் சூட்டில் கையிலேயே வழியும்.

பீட்ரூட் நிறம் சூடு தாங்காது. பிசைந்த மாவில் சிவப்பு உணவுச் சாயம் இரண்டு சொட்டு போதும்.

பெரியபானை:
40 பேருக்குப் பூரணம் வைக்காதீங்க. கைவேலை இரட்டிப்பு, யாருக்கு எது ஆகும் என்ற குழப்பம் வேறு. வெறும் உருண்டை, 8 கிராம். 200 கிராம் மாவில் சுமார் 45 வரும். கிண்ணத்துக்கு 3 வெள்ளை, 3 சிவப்பு என்றால் மொத்தம் 240. மாவு 1,070 கிராம், தண்ணீர் 880 மில்லி. வெந்த மாவுக்கு 190 கிராம் கிள்ளுங்க.

பாகு 8 லிட்டர்: முற்றின இஞ்சி 400 கிராம் நசுக்கி, முடிச்சுப் போட்ட பாண்டான் (ரம்பை) இலை 15, சிறுதீயில் அரைமணி. குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 870 கிராமைக் கடைசியில் போட்டு, கரைந்ததும் வடிகட்டுங்க.

உருண்டையைப் பாகிலேயே வேகவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மாவு கரைந்து பாகு கஞ்சியாகிவிடும். தனிப் பானையில் 5 லிட்டர் நீர், ஒரு தடவைக்கு 60 உருண்டை. போட்ட கையோடு கரண்டியின் முதுகால் அடியைத் தள்ளிவிடுங்க, இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும். மிதந்தபின் 1 நிமிடம். எடுத்துச் சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் பாகு.

சிறு பிள்ளைகளுக்கும் பல் விழுந்த பெரியவர்களுக்கும் நான்காக நறுக்கிக் கொடுங்க. வழுக்கிக்கொண்டு தொண்டையில் அடைக்கும் பண்டம் இது.

வீட்டில் முன்னோர் பீடம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு முதல் கிண்ணங்களைத் தனியே எடுத்துவையுங்க, ருசி பார்க்காமல். நம் படையல் முறைதான். தாங் யுவான் என்ற பெயரின் ஒலி ஒன்றுகூடலைக் குறிக்கும் சீனச் சொல்லை ஒத்தது. தின்றால் ஒரு வயது கூடும் என்பார்கள். வடசீனாவில் இதே நாளில் மாவு மடித்த ஜியாவ்ஸிதான்.

புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கொண்டாட நகர மன்றத்தில் அனுமதி வேண்டும். அங்கே அடுப்பு வைக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்க. முஸ்லிம் அண்டைவீட்டார் வந்தால் பானை, கரண்டி யார் வீட்டுது என்று முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை.

நிழற்கம்பு:
டோங்சி என்பது சூரியப் பாதையில் 270 பாகையைக் கதிரவன் தொடும் கணம், அதாவது கதிரவன் தெற்கு எல்லையில் நின்று வடக்கே திரும்பும் நேரம். 2025இல் அது சிங்கப்பூர் நேரப்படி டிசம்பர் 21 இரவு 11:03. 2026இல் டிசம்பர் 22 அதிகாலை 4:50. தேதி மாறுவது அதனால்தான்.

உத்தராயணம் உண்மையில் தொடங்குவது அன்றுதான். ஆனால் நம் பஞ்சாங்கம் மகர ராசியை விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு தள்ளாடுவதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகல். இப்போது 24 பாகை, அதாவது 24 நாள் போல. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டும் ஒன்றாக இருந்தன. மார்கழி தேவர்களின் வைகறை என்பதும் இந்தக் கணக்கில் நிற்பதே: உத்தராயணம் அவர்களுக்குப் பகல், அதற்கு முந்தின மாதம் விடியல்.

பிள்ளைகளுக்கு: வெயில் விழும் சமதளத்தில் 1 மீட்டர் கம்பை நடுங்க. நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபாருங்க. சிங்கப்பூரில் அன்று உச்சிப்பொழுது 12 மணி அல்ல, மதியம் 1:03 வாக்கில். நிழல் வடக்கே 46 செ.மீ. விழும். அதே கம்பு சென்னையில் 74 செ.மீ., பெய்ஜிங்கில் ஏறக்குறைய 2 மீட்டர். அங்கே ஏன் இந்த நாளில் சூடான பண்டம் தேடினார்கள் என்பது அந்த நிழலிலேயே தெரியும். சிங்கப்பூரில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் 10 நிமிடம்கூட இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சீன வானியலாளர் குவோ ஷோஜிங் சீனாவின் தெங்ஃபெங்கில் கட்டிய நிழல்மேடையும் இதே வேலைக்குத்தான். 12:50 முதல் 1:15 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வையுங்க, மிகக் குட்டையானதுதான் உச்சி. மேகம் போட்டால் மறுநாள் பார்க்கலாம், அளவு மாறாது.

ஈசூன்_கீழ்த்தளம்:
240 உருண்டையை முந்தினநாளே பிடிக்கலாமா?

மாவுக்கை:
பிடிக்கலாம், பச்சையாகவே. தட்டில் மாவு தூவி ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, உறைபெட்டியில் 2 மணி நேரம். கல்லான பிறகு பைக்கு மாற்றுங்க. உறைந்தபடியே கொதிநீரில் போடுங்க. வெளியே எடுத்து உருகவிட்டால் மேல்தோல் வெடிக்கும். வேகவைத்ததைக் குளிரூட்டியில் வைக்க வேண்டாம், ரப்பராகிவிடும்.