லுவாண்டி: ஆற்றங்கரை 80 கட்டத்துக்கு ஒருமுறை சுவராக நிற்கிறது

முன்பு மைன்டெஸ்ட் என்றிருந்த, கட்டங்களால் உலகம் அமையும் லுவாண்டி விளையாட்டுத் தளத்தில், உலகம் உருவாகும்போதே ஒரு நீண்ட ஆற்றை வெட்டும் ஸ்கிரிப்டை லுவா மொழியில் எழுதியிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஆறு அறுபடாமல் ஓடுகிறது. ஆனால் மெல்லச் சரிந்து இறங்க வேண்டிய கரை, துண்டு (உலகம் ஒரு தடவைக்கு உருவாகும் 80 கட்டப் பகுதி) எல்லை வரும் இடத்தில் மட்டும் செங்குத்தாக வெட்டுப்படுகிறது. 80 கட்டத்துக்கு ஒருமுறை, தவறாமல்.

பதிப்பு 5.10, நிலவகை வி7 (நிலத்தை உருவாக்கும் முறைகளில் ஒன்று), கணினியில் உபுண்டு.

காரணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. சுற்றியுள்ள 12 கட்டங்களின் தரைமட்டத்தைச் சராசரி எடுத்துத்தான் சரிவை அமைக்கிறேன். ஹைட்மேப் எனும் தரை உயரப் பட்டியலோ அந்தத் துண்டுக்குள் இருக்கும் உயரங்களை மட்டுமே தருகிறது. பக்கத்துத் துண்டு பெரும்பாலும் அப்போது பிறந்தே இருக்காது.

கட்டங்களை மொத்தமாகப் படித்து எழுத உதவும் வாக்ஸல்மானிப்பில், துண்டைச் சுற்றியுள்ள 16 கட்ட ஓரப்பகுதியிலும் எழுதிப் பார்த்தேன்; அடுத்த துண்டில் ஏற்கெனவே முளைத்திருந்த மரங்கள் பாதியாக வெட்டுப்பட்டன. அதைப் பார்க்கவே மனம் வரவில்லை, நீக்கிவிட்டேன். ஆட்டக்காரர் தோன்றத் தகுந்த உயரத்தைத் தரும் கெட் ஸ்பான் லெவல் கட்டளை எல்லைக்கு வெளியேயும் உயரம் சொல்கிறது. ஆனால் உயர்ந்த மலையிலும் நீருக்கடியிலும் நில் (nil, மதிப்பு இல்லை) என்றே விடை வருகிறது, எனக்கு வேண்டியவை அந்த இடங்கள்தான். சராசரியை 4 கட்டமாகக் குறைத்தால் சுவர் சிறிதாகிறது, கரையின் அழகும் போய்விடுகிறது. இருண்ட நிழல் திட்டுகளும் உறைந்து நின்ற நீரும் முன்பு இருந்தன. ஒளியை மறுபடி கணக்கிட்டு, திரவங்களையும் புதுப்பித்தபின் சரியாகிவிட்டன.

வி7 நிலத்தில், இன்னும் உருவாகாத துண்டின் தரைமட்டத்தை லுவாவிலிருந்தே கணக்கிட வழி உண்டா?