ரெண்டாவது இலக்கிய ஏஜென்ட் (நம்ம எழுத்தைப் பதிப்பகத்துக்கு வித்துக்கொடுக்கறவர்) தேடின அனுபவம் சொல்லுங்க

ஈரக்குடை (லண்டன்):
ரெண்டு நாவல் வந்தாச்சு. பழைய ஏஜென்ட்டோட ஒத்துவரல, விலகியாச்சு, அந்தக் கதை வேண்டாம். புது ஏஜென்ட் ஒருத்தரோட ஜூம்ல பேசினேன். மூணாவது நாவலோட முதல் 50 பக்கத்தை அப்படிப் புகழ்ந்தார். பேச்சுக்கு நடுவுல எதையோ தட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியில கட்டம் கட்டமா ஒரு அட்டவணை தெரிஞ்சுது. நீல்சன் புக்ஸ்கேன், புத்தக விற்பனைக் கணக்கு! என் ரெண்டாவது நாவல் எத்தனை பிரதி போச்சுன்னு பாக்கறார். "ஓ"ன்னார். அதுக்கப்புறம் மழையைப் பத்திப் பேசினோம்.

உப்புக்காத்து (டொராண்டோ):
அக்கா, எனக்கு நம்பர் பிரச்சினை இல்லை. "இந்தக் கைப்பிரதியைப் பழைய ஆள் ஆருக்கெல்லாம் அனுப்பினவ?" எண்டு புது ஏஜென்ட் கேட்டா. தெரியேல்லை எண்டன். பட்டியலைக் கேட்டு எடுக்க ஆறு கிழமை போட்டுது. எக்செல் தாளில 17 பதிப்பகம், எல்லா வரியிலயும் 'வேண்டாம்'. அதில பதினொண்டை எனக்குச் சொல்லவே இல்லை. ஒருக்கா வேண்டாம் எண்ட ஆக்களிட்ட அதையே திரும்பக் கொண்டுபோக ஏலாது எண்டு கையை விரிச்சிட்டா.

பழைய சைக்கிள்:
ஈரக்குடை, அந்த "ஓ"வைப் போய் மனசுல வச்சிருக்கீங்களே! புக்ஸ்கேன் எண்ணுறது கடையில வித்த அச்சுப் புத்தகத்தைத்தான், இ-புக் அதுல வராது. நம்பரை நீங்களே முதல் மெயில்ல சொல்லியிருக்கணும். அப்புறம், பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. 30 நாளோ 90 நாளோ நோட்டீஸ் இருக்கும், அது முடியாம புது ஆள் பொதுவா தொடமாட்டார். பழையவங்க வித்துக்கொடுத்த புத்தகத்துக்கு 15 சதவீதம் கமிஷன், மொழிபெயர்ப்புன்னா பெரும்பாலும் 20, விலகின பிறகும் அவங்களுக்குத்தான் போகும். அடுத்த நாவலை முதல்ல எங்களுக்கே காட்டணும்னு பதிப்பக ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து ஒளிஞ்சிருக்கலாம், அதையும் பாருங்க. நான் மாத்தினப்ப இதுல எதையும் பாக்கல. ரெண்டு வருஷம் போச்சு.

மாடிப்படி (சென்னை):
தமிழ்ல ஏழு புத்தகம் போட்ட எனக்கு முதல் ஏஜென்ட்டே வாய்க்கல, நீங்க ரெண்டாவதுக்கு அலையறீங்க. 2023ல நம்ம ஊர்ல நடந்த முதல் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருத்தர், "மொழிபெயர்ப்பு உரிமை யார்கிட்ட இருக்கு?"ன்னார். பக்கத்துல நின்ன என் பதிப்பாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

ஈரக்குடை:
சைக்கிள் அண்ணே, அறிவுரை கேட்டு நான் எழுதல. நம்பரை முதல் மெயில்லயே சொல்லித்தான் இருந்தேன். அவர் அதைப் படிக்கல போல.