கலவரக் காலத் தயார்நிலை: முதலில் எந்தப் புத்தகம் படிக்கலாம்?

வணக்கம். கலவரம், ஊரடங்கு என்று நாலைந்து நாள் வெளியே போக முடியாமல் போனால் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிச் சமாளிப்பது? இதைச் சொல்லும் அறிமுகப் புத்தகம் ஒன்று தேடுகிறேன்.

இதுவரை இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்றில் பாதிக்கு மேல் துப்பாக்கி, பதுங்கு அறை. இன்னொன்று ஒரு வருட உணவைச் சேர்த்து வைக்கச் சொல்கிறது; எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில்தான் அடுக்க வேண்டும்!

2018-ல் சுவீடன் அரசு வீடுவீடாக அனுப்பிய சிறு கையேட்டைப் பார்த்தேன். தண்ணீர், உணவு, கதகதப்பு, தகவல் தொடர்பு, பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது என்று பதற்றமில்லாமல் சொல்கிறது. அந்தத் தொனிதான் எனக்கு வேண்டும். ஆனால் அது போரையும் பேரிடரையும் மனதில் வைத்து எழுதியது. வீட்டிலேயே இருப்பதா கிளம்புவதா என்று எப்போது முடிவெடுப்பது, இணையம் முடங்கினால் வதந்தியை எப்படிச் சரிபார்ப்பது, கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி விலகுவது, இதெல்லாம் விரிவாக வேண்டும்.

அப்புறம், அம்மா இன்சுலின் போடுபவர். மருந்து, முதியவர்கள் பற்றித் தனி அத்தியாயம் இருந்தால் நல்லது.

என் தயார்நிலை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றால், போன வாரம் டார்ச்சைத் திறந்தேன். பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

தமிழில் இருந்தால் மகிழ்ச்சி, எளிய ஆங்கிலம் என்றாலும் சரி. நீங்கள் முழுதாகப் படித்ததை மட்டும் சொல்லுங்கள்.