வர்த்தகச் சின்ன எதிர்ப்பு மனு: வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் ஆடைகள் தைத்து விற்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. எங்கள் பூனைக்குட்டிச் சின்னத்தை ஆடைகளுக்குரிய 25-ஆம் வகுப்பில் பதிவு செய்ய விண்ணப்பித்து, அது வர்த்தகச் சின்ன இதழில் வெளியான பின், புகழ்பெற்ற கார்ட்டூன் பூனை ஒன்றின் உரிமையாளரான வெளிநாட்டு நிறுவனம், இரண்டும் ஒத்திருப்பதாகக் கூறி எதிர்ப்பு மனு தாக்கல் செய்துள்ளது. மனு கிடைத்த 2 மாதங்களுக்குள் எதிருரை (எங்கள் எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இன்னும் 19 நாட்களே உள்ளன.

எங்கள் குட்டி கட்டிங் மேசைக்கடியில் வளர்ந்தது. ஒரு காது மடங்கி, வாலில் நூல் சுற்றிக் கிடக்க, கொட்டாவி விடும் அதன் தோற்றத்தைத்தான் வரைந்தோம். அவர்களுடையது நின்றபடி சிரிக்கிறது. ஆயினும், வாங்குபவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை, மங்கலான நினைவோடுதான் கடைக்கு வருகிறார் என்பதையே நீதிமன்றங்கள் அளவுகோலாகக் கொள்வதால், இந்த வேறுபாடுகள் போதுமா என்று கவலையாக இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு நன்கறியப்பட்ட சின்னங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் தருகிறது.

கோவை, ஈரோடு வட்டாரத்தில் இத்தகைய எதிர்ப்பை எதிர்கொண்டவர்கள், நல்ல வழக்கறிஞரையோ வர்த்தகச் சின்ன முகவரையோ தெரிவிக்க வேண்டுகிறேன். முதல் பென்சில் வரைபடமும் 2017 முதலான பில்களும் லேபிள்களும் கைவசம் உள்ளன. அவற்றைச் சான்றாக எவ்வாறு முன்வைப்பது என்பதையும் தயவுசெய்து கூறுங்கள்.