கல் கொட்டிய கரையில் மணல் எங்கே போகிறது?

கடலரிப்பை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் படகுகளை இரண்டு வரிசையாக ஏற்றி வைக்கும் அளவுக்கு மணல் இருந்தது. ஒரு புயல் முடிந்து போய்ப் பார்த்தால், கத்தியால் வெட்டிய மாதிரி கரை ஆளுயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. எல்லாரும் சேர்ந்து போராடினோம், கருங்கல் கொட்டினார்கள். அப்போது நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சரிவான மணலில் ஏறும் அலை ஓய்ந்துபோய்த் திரும்பும். கல்லில் மோதும் அலை அப்படி ஓயாமல் திரும்பி, கல்லின் காலடி மணலை வாரிக்கொண்டு போகிறது. முன்னால் இருந்த மணல் பள்ளமாகிவிட, அடிவரிசைக் கற்கள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. மேல்வரிசை சரிந்தது. மறுபடியும் லாரி லாரியாகக் கல். எங்கள் வீடுகள் நிற்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கல் சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் பக்கத்து ஊர்க் கரை உள்வாங்கிவிட்டது. அங்கே வீடு இழந்தவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்.

———

மேலே எழுதியவர் சொன்னது முழுக்க உண்மை. கடற்கரைக் கட்டுமான வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. அதனால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் ஒரே காரணத்தால்தான். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் இதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது. தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் வடக்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் கட்டுவது அநியாயம்.

கல்லே கூடாது என்று சொல்ல மாட்டேன். அடியில் மணல் கசியாமல் வடிகட்டித் துணி விரித்து, சின்னக் கல், அப்புறம் பெரிய கல் என்று அடுக்கி, காலடியை ஆழமாகப் பதித்தால் நிற்கும். அவசரத்தில் லாரியிலிருந்து அப்படியே கொட்டியது நிற்காது.

மணலையே திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. புதுச்சேரியில் 2018இல் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றைக் கடலுக்கடியில் இறக்கி, மணலும் கொட்டினார்கள். கல் மட்டுமே தெரிந்த இடத்தில் ஜனங்கள் மறுபடி மணலில் நடந்தார்கள். நெதர்லாந்தில் 2011இல் 2 கோடி கனமீட்டருக்கும் மேல் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் அதைப் பரப்பட்டும் என்று விட்டார்கள். செலவு பெரிது, கொட்டிய மணலும் ஒருநாள் நகர்ந்துவிடும், திரும்பக் கொட்ட வேண்டும். ஆனால் இதனால் பக்கத்து ஊர் அழிவதில்லை.

———

அரிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் தண்ணீர் கடல் பக்கமிருந்து வரவில்லை, முதுகுப் பக்கமிருந்து வந்தது. எங்கள் ஊரில் கடல் தடுப்புச் சுவர் கட்டும்போது வடிகால் வாயில் கடல்நீர் ஏறாதபடி ஒருவழிக் கதவு வைத்திருந்தார்கள். புயல் நெருங்கினால் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைவதற்குக் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும், காற்று தள்ளுவது அதற்கு மேல். அன்று வெளியே கடல் உயர்ந்து நின்றதால் கதவு திறக்கவே இல்லை. உள்ளே பெய்த மழை சுவருக்குப் பின்னால் குளமாகத் தேங்கி வாசற்படி ஏறியது. சுவரோடு பம்பும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு முறை வானம் வெளுத்திருந்தது, காற்றே இல்லை, தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. கள்ளக்கடல். எங்கோ தெற்குப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை, நாள் கணக்கில் பயணப்பட்டு வந்து சேர்வது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. மழை இல்லையே என்று அதை அலட்சியப்படுத்தாதீர்கள், தயவுசெய்து.

அன்று ஒன்று கவனித்தேன். அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணல்மேடு கலையாமல் இருந்த பக்கம் தண்ணீர் உள்ளே வரவில்லை. வண்டி போக மேட்டை வெட்டிவிட்ட இடைவெளி வழியாகத்தான் வந்தது. அந்த இடைவெளியை மணல் மூட்டை போட்டு அடைத்துக் கொடி நட்டிருக்கிறோம், பிடித்துக்கொண்டது.

இப்போது எங்கள் ஊரிலும் தூண்டில் வளைவு கேட்டு மனு தயாராகிறது. வடக்கே இருக்கும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசிய பிறகே கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.