2,048 செயல்முறைகளில் ஓடும் கரும்பொருள் உருவகப்படுத்துதல் பாதியில் உறைகிறது

வணக்கம். கரும்பொருள் துகள்களின் ஈர்ப்பைக் கணக்கிட நானே சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய எம்பிஐ (இணையாக ஓடும் செயல்முறைகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறை) நிரல், மீத்திறன் கணினியில் மூன்று வாரங்களாக ஒரே விதமாகச் சிக்கிக்கொள்கிறது. துகள்களின் எண்ணிக்கை 1024-இன் முப்படி, அதாவது ஏறத்தாழ 107 கோடி. பெட்டியின் பக்கம் 500 மெகாபார்செக் (அண்டத் தொலைவின் அலகு). தொடக்கச் செம்பெயர்ச்சி (அண்டத்தின் காலத்தைக் குறிக்கும் அளவு, இன்று சுழியம்) 49.

செம்பெயர்ச்சி 1.4-ஐ நெருங்கி, அடர்ந்த கொத்துகள் உருவாகிச் சுமை சமனற்றுப்போகும் கட்டத்தில், பிழைச்செய்தி எதுவுமின்றி நிரல் நின்றுவிடுகிறது. பதிவுக்கோப்பின் கடைசி வரி "துகள் பரிமாற்றம் தொடங்கியது" என்பதே. ஜிடிபி என்ற பிழைதிருத்தி கொண்டு பார்த்தபோது 2,047 செயல்முறைகள் ஆல்ரெட்யூஸ் அழைப்பில் (எல்லாச் செயல்முறைகளின் மதிப்புகளையும் ஒன்றுசேர்க்கும் அழைப்பு) காத்திருக்க, ஒன்று மட்டும் வராத ஒரு செய்திக்காக அதற்கு முந்தைய பெறும் அழைப்பிலேயே நிற்கிறது. அந்த ஒன்று ஒவ்வொரு முறையும் வேறு.

எண்ணிகளை 64 பிட்டாக மாற்றினேன், எம்பிஐ நூலகத்தின் வேறு பதிப்பை முயன்றேன், உகப்பாக்கத்தை அணைத்தேன், பயனில்லை. சேமித்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்கினால் அதே படியைத் தாண்டி, நாற்பது படிகளுக்குப் பின் உறைகிறது. எரிச்சலூட்டுவது என்னவெனில், 512 செயல்முறைகளில் அதே தரவு செம்பெயர்ச்சி சுழியம் வரை பழுதின்றி ஓடுகிறது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியோ இந்த அளவில் நகரவே மறுக்கிறது.

காத்திராமல் செய்தி அனுப்பும் ஐசெண்ட் அழைப்புகளுக்கும் பெறும் அழைப்புகளுக்கும் இடையே எது பொருந்தாமல் போகிறது என்பதை, ஓட்டத்தின் நேர ஒழுங்கைக் குலைக்காமல், இத்தனை செயல்முறைகளில் பதிவுசெய்ய எந்தக் கருவி அல்லது முறை உங்களுக்குப் பயன்பட்டது?