ஊட்டி டூ லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அவசரம்

தேயிலை43: அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. சென்னைல காலை 5.30க்கு கிளம்பி 12.00க்கு லண்டன்னு இருக்கு. அப்போ ஆறரை மணி நேரம்தானே? சென்னை டூ லண்டன் தூரம் ஒரு இடத்துல 8,230, இன்னொண்ணுல 5,114, வேறொண்ணுல 4,444. எது சரி? முந்தின ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

கேத்தி_வாசி: எந்த மாசம்? நேர் விமானமா, நடுவுல மாறணுமா? ஊட்டின்னா டவுனா, கூடலூர் பக்கமா?

நாடுகாணி: கூடலூர்னா சென்னையே வேண்டாம். நிலம்பூர் வழியா கரிப்பூர் (கோழிக்கோடு ஏர்போர்ட்) 100 கி.மீ.தான், வளைகுடா போய் மாறிக்கலாம்.

மஞ்சூர்மலை: ஆறரை சரிதான். மேற்கே போறப்போ பூமி எதிர்ல சுத்தி வருதுல்ல.

பழைய_உறுப்பினர்: பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கணும். காத்து மண்டலமும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது, அதனால அந்தக் கணக்கு செல்லாது. டிக்கெட்ல ரெண்டு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவாங்க. மார்ச் கடைசி ஞாயிறுலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நம்மளவிட நாலரை மணி பின்னாடி, மத்த மாசம் அஞ்சரை. மார்ச்-அக்டோபர் பயணம்னா ஆறரையோட நாலரையைக் கூட்டுங்க, 11 மணி நேரம். இதைக் கேக்க ஒரு இழையா?

கோத்தகிரிக்காரன்: தெரியாமத்தானே கேக்கறாங்க சார். தூரம் மூணும் ஒண்ணுதான் தம்பி: 8,230 கி.மீ., 5,114 மைல், 4,444 கடல் மைல். மணிக்கு 900 கி.மீ.ன்னு வகுத்தா ஒன்பது மணி சொச்சம் வரும், ஆனா அது நடக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது, வான்வெளி மூடியிருந்தா சுத்திப் போறது எல்லாம் சேரும். அதுக்கு மேல 10 கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காத்து. போறப்போ முகத்துல அடிக்கும், வர்றப்போ முதுகுல தள்ளும். அதான் திரும்பி வர 10 மணி நேரம்தான் ஆகும்.

கேத்தி_வாசி: அதைவிட முக்கியம் ரயில். நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிஞ்சப்புறம்தான் சென்ட்ரல் சேரும். 5.30 விமானத்துக்கு 2.30க்கே ஏர்போர்ட்ல நிக்கணும், கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிருவாங்க. ஒரு நாள் முன்னாடி ரயில் ஏறுங்க, இல்ல முந்தின சாயங்காலம் கோவையிலேர்ந்து விமானம். தனித்தனி டிக்கெட்னா சென்னைல பெட்டியை எடுத்து மறுபடி போடணும். உள்நாட்டுல பெரும்பாலும் 15 கிலோதான், லண்டனுக்கு 23 கட்டினா மிச்சத்துக்குக் காசு கேப்பாங்க.

நாடுகாணி: கரிப்பூர்னா இந்தத் தொல்லையே இல்ல.

பழைய_உறுப்பினர்: டிக்கெட் போட்டாச்சுன்னு முதல் வரிலயே இருக்கு. மழைக்காலத்துல நிலம்பூர் இறங்குற நாடுகாணி சுரம் அடைஞ்சா என்ன பண்ணுவீங்க?

நாடுகாணி: குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்டுல, பர்லியாறுல மட்டும் மண் சரியாதா?

தேயிலை43: மே ரெண்டாவது வாரம், நேர் விமானம். குன்னூர்லேர்ந்து. ரயிலை ஒரு நாள் முன்னாடி மாத்திட்டேன். நன்றி.

கோத்தகிரிக்காரன்: மேன்னா சீசன், இறங்குற வண்டியைக் கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க. மேட்டுப்பாளையத்துக்கு ரெண்டு மணி நேரம் கூடுதலா வைங்க. அம்மாவை முன் சீட்டுல உக்கார வைங்க, வளைவுல குமட்டாது.